வேட்டைத் திருவிழாவுக்கு ஒரு வில்

மே 9, வெள்ளி

கோயில் கூட்டத்தில் இன்று தேவையில்லாமல் வாயைக் கொடுத்துவிட்டேன்.

போன வருடம் வேட்டைத் திருவிழாவுக்குச் செயலாளர் கேதீஸ் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு பிளாஸ்டிக் வில் வாங்கி வந்திருந்தார். முருகன் குதிரை வாகனத்தில் வேட்டைக்கு எழுந்தருள, சுவாமிக்காக ஐயர் அம்பு விட வேண்டும். எங்கள் கோயிலில் மிருகத்துக்குப் பதில் கண்ணும் மூக்கும் வரைந்த ஒரு பூசணிக்காய் தொங்கும். அம்பின் நுனியில் இறப்பர்க் கிண்ணம். அது பூசணிக்காய்ப் பக்கமே போகாமல், முன்னால் நின்ற தர்மகர்த்தாவின் வழுக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மேளம் நின்றுபோனது. இன்றைக்கு அதே வில்லுக்குப் புது அம்பு வாங்குவது பற்றிப் பேச்சு எழுந்ததும் எனக்குக் கோபம் வந்தது.

“நோர்வேயிலை மூங்கிலுக்கு எங்கை போறது மாஸ்டர்?” என்றார் கேதீஸ்.

“வில்லுக்கு மூங்கில்தான் வேணுமெண்டு ஆர் சொன்னது? வளைஞ்சு நிமிருற எதுவும் வில்லுதான்.”

“அப்ப நீங்களே செய்து தாங்கோவன்.”

எல்லாரும் கை தட்டினார்கள். திருவிழா ஜூலை பன்னிரண்டு.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒஸ்லோவிலிருந்து மகள் சாம்பவி தொலைபேசியில் வந்தாள். ஈஸ்டர் விடுமுறைக்கு வந்தபோது என் தேநீர் கோப்பையைவிடத் தட்டில் அதிகம் இருந்ததைக் கண்டுவிட்டாள். அன்றிலிருந்து டொக்டர், டொக்டர் என்று ஒரே பாட்டு. டொக்டர் ஏதாவது சொன்னால் கார் ஓட விடமாட்டார்கள். கார் இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்க முடியாது. கடை ஒரு பக்கம், கோயில் இன்னொரு பக்கம், பஸ் நினைத்தால் வரும். அப்புறம் வீட்டை விற்றுவிட்டு அவளுடைய வீட்டின் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். அதையும் வர்ணம் பூசித் தயாராக வைத்திருக்கிறாள். நல்ல பிள்ளை. நல்ல அறை. சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

“நடுங்குற கையாலை ஆரும் வில் செய்வினமே? நான் செய்து காட்டுறன். வேட்டைத் திருவிழா முடியட்டும், பிறகு டொக்டரைப் பற்றிக் கதைப்பம்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் மனைவி புனிதம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

மே 11, ஞாயிறு

பேர்ச் மரக் கம்பு ஒன்று வெட்டி வளைத்தேன். முறிந்தது. இன்னொன்று. அதுவும் முறிந்தது. பக்கத்து வீட்டு ஓட்வார் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற மர ஆலைக்காரர். அதிகம் பேசாதவர், பேசினால் அது குறையாகத்தான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். தன் நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சுவர் முழுக்க ஸ்கி. பனியில் சறுக்குவதற்குக் காலில் மாட்டும் அந்த நீளப் பலகைகள். இந்த நாட்டுச் சனம் செருப்பைக் கூட எறியும், ஸ்கியை எறியாது. “ஒன்பது சோடி இருக்கிறது, கால் இரண்டுதான்” என்றார். கண்ணாடி நாரால் செய்த பழைய சோடிகள் சிலவற்றை எடுத்துத் தந்தார். ஒன்றின் நுனியைத் தரையில் ஊன்றி அமுக்கிப் பார்த்தேன். வளைந்தது. விட்டேன், துள்ளி நிமிர்ந்தது. பேர்ச் கம்பு கெட்ட மாணவன் மாதிரி, ஒரு சொல் தாங்காது. இது நல்ல மாணவன். வளையும், திரும்பவும் நிமிரும்.

உடனே அறுக்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை இங்கே மரம் அறுக்கிற வாளின் சத்தம் கேட்கக்கூடாது. ஓட்வார் அதை எனக்கு இரண்டு தடவை நினைவூட்டினார்.

மே 17, சனி

தேசிய தினம். எல்லாரும் கொடியோடு ஊர்வலம் போய்விட்டார்கள், கராஜைப் பூட்டிக்கொண்டு அறுக்கலாம் என்று நினைத்தேன். கால் மணி நேரம் கூட ஆகவில்லை. ஓட்வார் கோட்டும் சூட்டுமாக, மார்பில் நாடா குத்தியபடி வாசலில் நிற்கிறார். இந்த நாளில் அறுப்பது ஞாயிற்றுக்கிழமை அறுப்பதைவிட மோசமாம்.

கண்ணாடி நார்த் தூள் கழுத்துக்குள் போய்க் காஞ்சோண்டிச் செடி பட்டது மாதிரி எரிகிறது. இரண்டு தடவை குளித்தும் போகவில்லை. புனிதம் நான் போட்டிருந்த சேட்டைத் தடியால் தூக்கிக்கொண்டு போய் வெளியில் போட்டாள்.

மே 20, செவ்வாய்

முதல் வில். ஒரே ஸ்கியை எடுத்து நடுவில் பிடி வைத்து, இரண்டு நுனியிலும் வெட்டுப் போட்டு, பொதி கட்டும் கயிற்றைக் கட்டி இழுத்தேன். மேல்பாதி நன்றாக வளைந்தது. கீழ்பாதி பொலிஸ்காரன் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. ஒரு வண்டியில் ஒரு பக்கம் நாம்பனையும் மறு பக்கம் கன்றையும் பூட்டினால் வண்டி எங்கே போகும்? அம்பு அப்படித்தான் போனது, ஓட்வாரின் தக்காளிக் கூண்டுக்குள்.

இதை நான் முதலே யோசித்திருக்க வேண்டும். ஸ்கியின் முன்பாதி நீளம், மெலிவு. பின்பாதி குட்டை, தடிப்பு. கணிதம் படிப்பித்தவன், யாழ்ப்பாணத்திலும் இங்கேயும், இரண்டு சமமில்லாத பாதிகளைச் சமம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்வார் அம்பைக் கொண்டுவந்து தந்தபடி, “சோடியாகத்தானே தந்தேன்?” என்றார். அவ்வளவுதான். இரண்டு ஸ்கியின் முன்பாதிகளையும் எடுத்து, நடுவில் ஒரு பலகையில் பூட்டினால் வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளையும். அதைச் சொல்ல அவருக்கு இரண்டு சொல்லுக்கு மேல் தேவைப்படவில்லை.

மே 26, திங்கள்

துளை போடுகிற நாள். ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு துளை, நேர்கோட்டில், நடுவில். பென்சிலால் குறித்துத்தான் வைத்தேன். டிரில் ஒதுங்கிப் போகிறது. மலிந்த டிரில். கிளாம்ப் போட்டுப் பார்த்தேன், கிளாம்பின் திருகு வழுக்குகிறது. அதுவும் மலிந்ததுதான். மூன்றாவது துளை விளிம்போடு போய் ஸ்கி பிளந்துவிட்டது. இன்னொரு சோடியை எடுக்க வேண்டும்.

மே 27, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. போல்ட் ஒன்று கையிலிருந்து விழுந்து கராஜின் தண்ணீர்க் குழிக்குள் போய்விட்டது.

மே 28, புதன்

இன்னொரு போல்ட்.

ஜூன் 3, செவ்வாய்

நாண் திரித்தேன். பொலியெஸ்டர் நூலைப் பல இழையாகச் சேர்த்து, ஸ்கிக்குப் பூசும் மெழுகையே அதற்கும் பூசினேன். நுனியில் கண்ணி முடிய வேண்டும். பின்னேரம் முழுவதும் அந்தக் கண்ணிதான். நூல் நிற்கிற இடத்தில் நிற்காது. புதிய மூக்குக்கண்ணாடி வேண்டும் என்று நினைக்கிறேன்.

புனிதம் தேநீரோடு வந்தாள். பாதிக் கோப்பைதான் ஊற்றி வந்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் ஊற்றுகிறாள். சீனி மிச்சம் பிடிக்கிறாள் போலும்.

“இஞ்சை தாங்கோப்பா, நான் முடியுறன்.”

“நான் முடிவன். உமக்கு அடுப்படியிலை வேலை இல்லையே?”

“இருக்கு. நீங்கள் இரவுக்கு நூலையோ தின்னப் போறியள்?”

நூலை வாங்கி, பூ கட்டுகிற மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு இழுப்பு. முடிந்தது. கோயிலில் மாலை கட்டுகிற கை. நான் சொன்ன முறைப்படி அவள் முடியவில்லை, ஆனால் அவிழவும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

வில் பூட்டியாயிற்று. பார்க்க வில்தான்! ஸ்கியின் சிவப்பு நிறம் அப்படியே இருக்கிறது. நுனி இரண்டும் முன்னால் சுருண்டு, சித்திரத்தில் உள்ள வில் மாதிரி.

இழுக்கத்தான் முடியவில்லை. எவ்வளவு பாரம் என்று அறிய, ஊருக்குப் போகும்போது பயணப்பெட்டி நிறுக்கிற கொளுக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்தேன். விமானக்காரன் அனுமதிக்கிற முழுப் பெட்டியையும் தாண்டிப் போகிறது. ஐயர் ஒரு மெல்லிய மனிதர். தேங்காய் உடைக்கவே இரண்டு தரம் ஓங்குவார். இதை இழுத்தால் அம்பு நிற்கும், ஐயர்தான் பறப்பார்.

ஓரங்களை அறுத்து ஒடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. திரும்பவும் தூள், திரும்பவும் காஞ்சோண்டி.

ஜூன் 14, சனி

ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன், எழுதி வைக்கிறேன். வாள் பிடித்து அறுக்கும்போது என் வலது கை கல் மாதிரி நிற்கிறது. துளியும் ஆட்டம் இல்லை. பிறகு கதிரையில் சாய்ந்து செய்தி பார்க்கும்போதுதான், பெருவிரலும் சுட்டுவிரலும் காசு எண்ணுகிற மாதிரி தன்பாட்டில் விளையாடத் தொடங்குகின்றன. வேலை இருக்கும்போது இல்லாத நோய் என்ன நோய்? ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெடியன் இருப்பான். கணக்குக் கொடுத்தால் குனிந்து செய்வான், சும்மா விட்டால் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவான். அவனை யாராவது டொக்டரிடம் அனுப்புவார்களா? வேலை கொடுப்பதுதான் மருந்து.

இதைப் புனிதத்துக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப சேட்டுத் தெறி பூட்டுறது வேலை இல்லையோ?” என்றாள்.

அந்தச் சேட்டின் பொத்தான் துளை சின்னது. கடைக்காரனிடம் அப்போதே சொன்னேன்.

ஜூன் 18, புதன்

எய்தேன்!

ஓட்வாரின் விறகு அடுக்கில் பழைய மெத்தை ஒன்றைச் சாத்தி, அதில் வட்டம் வரைந்து, ஐயர் நிற்கப்போகும் தூரத்தில் நின்று எய்தேன். முதல் அம்பு மேலே போனது. இரண்டாவது மெத்தையில் சொத்தென்று ஏறி நின்றது. நாணை இழுத்துக் கன்னத்தில் சேர்த்துப் பிடித்திருந்த அந்தக் கணத்தில் என் கையைப் பார்த்தேன். அசையவில்லை. ஒரு இலை அசைகிற அளவுகூட இல்லை. இதைத்தான் சாம்பவி பார்க்க வேண்டும். படம் எடுக்கச் சொன்னேன். புனிதம் எடுத்தாள். ஆனால் படத்தில் மெத்தைதான் இருக்கிறது.

அம்பைப் பொருத்தத்தான் நேரம் எடுக்கிறது. அம்பின் அடியில் உள்ள வெட்டு நாணில் கவ்வ வேண்டும், விரல் இடையில் நின்று தட்டிவிடுகிறது. வெட்டைக் கொஞ்சம் அகலமாக்கினால் சரி.

ஓட்வார் இரண்டு அம்பு எய்தார். இரண்டும் வட்டத்துக்குள். “பரவாயில்லை” என்றார். அவர் தன் கல்யாணத்தைப் பற்றியும் அதைத்தான் சொல்வார்.

ஜூன் 22, ஞாயிறு

பேனையை மாற்றியிருக்கிறேன். பழையது சரியில்லை. எழுத்து வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருந்து, போகப்போகச் சிறுத்துக் கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி முடிகிறது. புதியதும் அப்படித்தான் எழுதுகிறது. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை.

சாம்பவி தொலைபேசியில் வந்தாள். அம்பு விட்ட கதையைச் சொன்னேன். “சந்தோசம் அப்பா” என்றாள். பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அம்மாவோடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதைக்க என்ன இருக்கிறது?

திருவிழாவுக்கு வருகிறாளாம். வரட்டும், கண்ணால் பார்க்கட்டும்.

ஜூலை 9, புதன்

வில் முறிந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

பின்னேரம் வில்லைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். வெளியில் கார் நிறுத்துகிற இடத்தில் ஒத்திகை. ஐயர் வந்தார், கேதீஸ் வந்தார், தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்தது. வில்லைக் கண்டதும் எல்லாருக்கும் ஒரே ஆசை, நாணைச் சுண்டிச் சத்தம் கேட்க வேண்டும்.

“ஒருக்கால் சுண்டட்டோ மாஸ்டர்?”

“தொடக்கூடாது! அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால் வில் உடைஞ்சுபோம்.”

“புராணத்திலை எல்லாரும் சுண்டினவைதானே? உலகமே நடுங்கினதாம்” என்றார் கேதீஸ்.

“அவையின்ரை வில் ஸ்கியிலை செய்ததில்லை.”

பிள்ளைகளுக்கு உதாரணத்தோடு சொன்னேன். ஒரு கதவை முழுப் பலத்தோடு தள்ளுகிறாய். உள்ளே நிற்கிறவன் சட்டென்று திறந்துவிட்டால் என்ன நடக்கும்? நீதான் விழுவாய். அம்பு இருந்தால் வில்லின் பலம் அம்போடு போகும். இல்லாவிட்டால் திரும்பி வில்லையே அடிக்கும். பிள்ளைகளுக்கு விளங்கியது. ஐயருக்கும் விளங்கியது.

பிறகு எப்படி எய்வது என்று காட்ட நானே வில்லை எடுத்தேன். அம்பைப் பொருத்தி முழுதாக இழுத்தேன். கேதீஸ் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். கவனம் சிதறியது. அம்பு நாணிலிருந்து கழன்று காலடியில் விழுந்தது, நாண் வெறுமனே போனது. துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். வில்லின் மேல்கை நீளத்துக்குப் பிளந்து, உள்ளே இருந்த வெள்ளை நார் வெளியில் தெரிந்தது.

அப்போது வெளியில் வந்த தர்மகர்த்தா, “ஆர் உடைச்சது?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் கேதீஸ் சொன்னார்: “நான்தான் அண்ணை. மாஸ்டர் வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல நாணைச் சுண்டிப்போட்டன்.”

தர்மகர்த்தா விடவில்லை. “உமக்கு எப்பவும் விளையாட்டுத்தான்! போன வருசம் என்ரை மண்டை, இந்த வருசம் மாஸ்டரின்ரை வில்” என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஏசினார். கேதீஸ் ஐம்பது வயது மனிதர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கண் இருக்கிறது.

நான் ஏன் சும்மா நின்றேன் என்று தெரியவில்லை. எல்லாம் சட்டென்று நடந்துவிட்டது.

காரில் வரும்போது புனிதம் கேட்டாள்.

“கேதீஸ் ஏன் அப்பிடிச் சொன்னவர்?”

“எனக்கென்ன தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும்.”

பிறகு வீதிக் கோட்டின் மேல் கார்ச் சில்லு ஏறியதாக ஒரு தடவை சொன்னாள். ஏறவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காலை கேதீசுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“நீர் ஏன் பொய் சொன்னனீர்?”

“விடுங்கோ மாஸ்டர். ஒரு வில்லுத்தானே.”

“வில்லைக் கேக்கேல்லை. ஏன் சொன்னனீர்?”

“பிள்ளையள் நிண்டவை மாஸ்டர். பிள்ளையளுக்கு முன்னாலை உங்கடை கை பிழைச்சதெண்டு இருக்கக் கூடாது. எங்களுக்கு எல்லாருக்கும் தெரியும்தானே.”

“என்ன தெரியும்?”

“ஒண்டுமில்லை. விடுங்கோ.”

எல்லாருக்கும். அவர் சொன்ன சொல் அதுதான். அப்படியென்றால் கோயிலில் எனக்கு எப்போதும் பிளாஸ்டிக் கோப்பையிலும் மற்றவர்களுக்குக் கண்ணாடிக் குவளையிலும் தேநீர் கொடுப்பது; பூசைத் தட்டை நான் வாங்கப் போகும்போது யாராவது குறுக்கே வந்து வாங்கிக்கொள்வது; கணக்கு வாசிக்க ஒலிவாங்கி தந்துவிட்டுத் தாளை மட்டும் இன்னொருவர் பிடித்துக்கொள்வது, எல்லாம் இதனால்தான். எவ்வளவு காலமாக இந்த நாடகம் நடக்கிறது? எனக்குத் தெரியாமல் என்னைச் சுற்றி ஒரு ஊர் முழுக்கக் கவனமாக நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கதிரையை உதைத்தேன். கால் நொந்தது.

புனிதம் கராஜுக்குள் போய் மின்குமிழைப் போட்டாள். “நாளைக்கு வேட்டை. இன்னொண்டு செய்யுங்கோ.”

“என்னாலை ஏலாது.”

எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருக்கட்டும், வெட்டவில்லை.

“நீங்கள் சொல்லுங்கோ. கை எங்களிட்டை இருக்கு” என்றாள். எங்களிடம் என்றால்? எட்டிப் பார்த்தேன். கேதீஸ் வாசலில் தன் டிரில்லோடு நிற்கிறார். இவர்கள் இருவரும் எப்போது கதைத்தார்கள் என்று கேட்கவில்லை.

நல்ல ஸ்கி இனி இல்லை. ஓட்வாரிடம் மிச்சம் இருப்பவை மரத்தால் செய்தவை, உளுத்தவை. மேசைக்குக் கீழே நான் வெட்டி எறிந்த பின்பாதிகள் கிடந்தன. குட்டை, தடிப்பு, உதவாது என்று ஒதுக்கியவை. ஆனால் முன்பாதியோடு சேர்த்தால்தான் அவை சமமில்லை. ஒன்றுக்கு ஒன்று சமம்தானே! நாம்பனும் கன்றும் பூட்டக்கூடாது, இரண்டு கன்றைப் பூட்டலாம். இத்தனை நாள் அவற்றின் மேல் காலை வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன்.

நான் கதிரையில் இருந்து சொல்ல, கேதீஸ் துளைத்தார். அவருடைய டிரில்லும் மலிந்ததுதான், ஆனால் ஒதுங்கவில்லை. புனிதம் ஓரம் தேய்த்தாள். மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டியிருந்தாள், பஞ்சத்துக்குக் கொள்ளையடிக்க வந்தவள் மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன்.

“கொள்ளையடிக்க இந்த வீட்டிலை என்ன இருக்கு? ரெண்டு உடைஞ்ச வில்லும் ஒரு பிடிவாதக் கிழவனும்.”

கேதீஸ் சிரிப்பை அடக்க முடியாமல் டிரில்லை நிறுத்தினார்.

நான் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். சும்மா இருக்கிற கை. பைக்குள் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஜூலை 12, சனி

வேட்டை நன்றாக நடந்தது. அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

வில் குட்டை, அசிங்கம், ஒரு கை சிவப்பு, மறு கை ஓட்வாரின் வேறு சோடியில் இருந்து வந்ததால் நீலம். நேற்றைய அவசரத்தில் இரண்டு சோடியின் பின்பாதிகள் கலந்துவிட்டன. ஒரே கம்பனி, ஒரே அளவு என்பதால் பிழைத்தோம். மழைத்தூறல். முருகன் குதிரையில் வர, குடை பிடித்தவர்கள் நனைந்தார்கள். ஐயர் முதல் அம்பை மரத்துக்கு விட்டார். இரண்டாவது பூசணிக்காயின் மூக்கில் ஏறியது. அப்படி ஒரு அரோகரா சத்தம் நான் இந்த நாட்டில் கேட்டதில்லை. ஓட்வார்கூட வந்திருந்தார். தேசிய தினக் கோட்டு.

பிறகு தர்மகர்த்தா ஒலிவாங்கியில் நன்றி சொன்னார். “அருளம்பலம் மாஸ்டர் இரண்டாம் தரமும் எங்களுக்காகத் தன் கையால்...” என்று தொடங்கி, “செயலாளரின் கவனக்குறைவால்” என்று கேதீசையும் இழுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். கேதீசும் சிரித்தார். பிரசாத மேசைக்குப் பக்கத்தில் கேதீசின் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னக் கணக்கு நான் சொல்லிக் கொடுத்தது. அவள் சிரிக்கவில்லை. தகப்பனைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நான் போய் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். பேச எழுந்தால் உதாரணம் தானாக வரும், அது என் பழக்கம். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

“புதன்கிழமை வில்லை உடைச்சது கேதீஸ் இல்லை, நான். அம்பை என்ரை விரல் பிடிச்சு வைச்சிருக்கேல்லை. இந்த வில்லைச் செய்ததும் நான் இல்லை. என்ரை மனிசியும் கேதீசும் செய்தவை. என்ரை கை இப்ப கொஞ்சக் காலமாச் சரியில்லை.”

ஒலிவாங்கி ஆடியது. அதை எல்லாரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். தர்மகர்த்தா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, “அன்னதானம் தயார்” என்றார். நல்ல மனிதர், அவருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்.

சாம்பவி சனத்துக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் வந்து, “அப்பா, டொக்டரிட்டை ஓகஸ்டிலை ஒரு நாள் கிடைக்கும். போடட்டா?” என்றாள். “போடு” என்றேன். அழுதாளோ, மழையோ.

சாப்பாடு முடிந்து காருக்கு வந்தோம். புனிதம் என் பைக்குள் கையை விட்டுக் கார்த் திறப்பை எடுத்தாள்.

அவளிடம் லைசன்ஸ் இருக்கிறது. இந்த வீடு வாங்கிய காலத்தில் எடுத்தது. எடுத்த மறுநாள் சுற்றுவட்டத்தில் அவள் கொஞ்சம் யோசித்து நின்றதற்கு நான் சத்தம் போட்டதாகவும், அதன் பிறகு அவள் ஓடவில்லை என்றும் அவள் சொல்கிறாள். எனக்கு அப்படி நினைவில்லை. ஒருவர் ஓடுகிற வீட்டில் இன்னொருவர் எதற்கு என்றுதான் இருந்தது.

வீடு வரும்வரை நாற்பதில் ஓடினாள். பின்னால் வந்த கார்கள் தேரை இழுத்து வருகிற மாதிரி வரிசையாக வந்தன. சாம்பவி பின் ஆசனத்தில் இருந்து, “அம்மா, நல்லா ஓடுறீங்கள்” என்றாள். “கதைக்காதை பிள்ளை, வளைவு வருது” என்றாள் புனிதம். நான் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

வைத்தியசாலை. புனிதம்தான் ஓடினாள். இப்போது அறுபதுக்கு வந்திருக்கிறாள். போன கிழமை முழுக்கக் கேதீஸ் பக்கத்தில் இருந்து பழக்கினார். நான் பழக்கக்கூடாதாம், இருவரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். சாம்பவி ஒஸ்லோவிலிருந்து நேரே அங்கே வந்திருந்தாள். வீட்டைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. கீழ்த்தளத்தை வாடகைக்கு விடப் போவதாகத் தாய்க்குச் சொன்னாளாம்.

டொக்டர் ஒரு இளம் பெண். என்னிடம் இங்கே கணிதம் படித்த பிள்ளைகளின் வயது இருக்கும். நடக்கச் சொன்னார், நடந்தேன். விரலைத் தட்டச் சொன்னார். ஒரு வசனம் எழுதச் சொன்னார். எழுதியதை நீண்ட நேரம் பார்த்தார். கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். கல் மாதிரிப் பிடித்தேன். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வேலை கொடுத்தால் என் கை நிற்கும் என்றுதானே நான் சொன்னேன்.

பிறகு கதிரையில் சாய்ந்து, இரண்டு கையையும் மடியில் சும்மா வைக்கச் சொன்னார். கண்ணை மூடி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரவேண்டும். எந்த மொழியிலும் சொல்லலாம்.

இதைவிட எளிதான கணக்கு உண்டா? தமிழில் தொடங்கினேன். தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு. அறுபத்தைந்தில் டொக்டர், “போதும், நன்றி” என்றார். நான் நிறுத்தவில்லை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. புனிதத்தின் கை என் முழங்கையில் வந்து பட்டது. நாற்பத்து நான்கு. ஒரு இடத்திலும் பிழை விடவில்லை. முப்பத்தேழு, முப்பது, இருபத்து மூன்று, பதினாறு. அறையில் வேறு சத்தம் இல்லை, என் சேட்டுக் கையின் தெறி கதிரைக் கைப்பிடியில் படுகிற சத்தம் மட்டும், விடாமல். ஒன்பது. இரண்டு.

அதற்குக் கீழே பூச்சியத்தைத் தாண்ட வேண்டும். கண்ணைத் திறந்து மடியைப் பார்த்தேன்.